மலைக்கு இரண்டு பாதை



சித்தூரில் தமிழில் பேசக் கிடைப்பது எனக்குப் பெரிய பேறு. தெலுங்கும் தமிழும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து கதை பேசும் ஊர் இது. சந்தையில் தெலுங்கில் விலை கேட்பார்கள், தமிழில் பேரம் பேசுவார்கள், எந்த மொழியில் முடிந்தது என்று இருவருக்குமே நினைவிருக்காது. உள்ளே வரும்போது வாசலில் ஓர் அம்மா என்னை நிறுத்தி, "இன்னிக்கு எதைப் பத்திப் பேச்சு?" என்று கேட்டார்கள். "கரண்ட்டைப் பத்தி, அம்மா" என்றேன். "அப்படின்னா எங்க ஊர்ல சாயங்காலமானா மோட்டார் எடுக்க மாட்டேங்குது, அதையும் சொல்லுங்க" என்றார்கள். சொல்கிறேன், அம்மா. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

சித்தூர், திருப்பதி வட்டாரத்துக்குப் புதிய உயர்மின் பாதை வேண்டுமா? வேண்டுமென்றால் அதை எப்படித் திட்டமிடுவது? யார் நிலத்தின் மேல் கொண்டுபோவது? யாரைக் கேட்டுக் கொண்டுபோவது? இன்றைய பேச்சு இதுதான்.

முதலில் உங்களைத் திருமலைக்கு அழைத்துப் போகிறேன்.

2021ஆம் ஆண்டு நவம்பர் மழையை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. 18, 19 தேதிகளில் திருப்பதித் தெருக்கள் ஆறாக ஓடின. சுவர்ணமுகி கரை புரண்டது. இராயலசெருவு ஏரிக்கரை உடைந்துவிடுமோ என்று சுற்று வட்டாரமே உறங்காமல் இருந்தது. ஸ்ரீவாரி மெட்டு நடைபாதை சிதைந்து, பல மாதங்கள் மூடிக் கிடந்தது. டிசம்பர் 1ஆம் தேதி, மேலே ஏறும் மலைச்சாலையில் பெரும் பாறைகள் உருண்டு விழுந்து சாலையே பெயர்ந்துபோனது.

அன்று திருமலை தனித்துப் போயிற்றா? மேலே இருந்த பக்தர்கள் இறங்க முடியாமல் நின்றார்களா? மேலே போக வேண்டிய பாலும் அரிசியும் கீழேயே தங்கிவிட்டனவா? இல்லை. 1944இல் போட்ட பழைய சாலை இருந்தது. வழக்கமாக இறங்குவதற்கு மட்டும் உள்ள அந்தச் சாலையில், கொஞ்ச நேரம் ஏறும் வண்டிகளை விட்டார்கள், கொஞ்ச நேரம் இறங்கும் வண்டிகளை விட்டார்கள். கூட்டம் நின்றது, காத்திருந்தது, நகர்ந்தது. ஸ்ரீவாரி மெட்டு அடைபட்டாலும் அலிபிரிப் படிகள் இருந்தன. மலைக்கு இரண்டு சாலை, மலைக்கு இரண்டு நடைபாதை. நம் முன்னோர் ஏன் இரண்டு வைத்தார்கள், எதற்காக வைத்தார்கள் என்பது இருக்கட்டும். ஒன்று உடைந்த நாளில் மற்றது தாங்கியது.

மின் பொறியாளர்கள் இதைத்தான் தங்கள் பாஷையில் 'என் மைனஸ் ஒன்' என்பார்கள். இருப்பதில் ஒன்றைக் கழித்துப் பார். ஒரு பாதை போய்விட்டது, ஒரு மின்மாற்றி போய்விட்டது என்று வைத்துக்கொள். மீதி உள்ளவை சுமையைத் தாங்குமா? தாங்கினால் அந்த ஊருக்கு நம்பகமான மின்சாரம் இருக்கிறது. தாங்காவிட்டால், இன்றைக்கு விளக்கு எரிவது அதிர்ஷ்டத்தால்தான். மத்திய மின்சார ஆணையத்தின் திட்டமிடல் விதிகளுக்கு அடித்தளமே இந்தக் கேள்விதான். வெயில் காயும் நல்ல நாளை வைத்து யாரும் மின் பாதை போடுவதில்லை. பாறை விழும் நாளை வைத்துத்தான் போடுகிறோம்.

இப்போது அந்த அம்மா கேட்ட மோட்டாருக்கு வருகிறேன்.

பலமநேர் சாலையிலோ புத்தூர் பக்கமோ போய்ப் பாருங்கள். ஊருக்கு ஒரு காயில் கட்டும் கடை இருக்கும். வாசலில் வரிசையாக மோட்டார்கள். கருகிய வார்னிஷ் வாடை தெருமுனையிலேயே அடிக்கும். உள்ளே ஓர் ஆள் தரையில் உட்கார்ந்து எரிந்துபோன செம்புக் கம்பியைக் குறடால் பிடுங்கிக் கொண்டிருப்பார். பக்கத்தில் துண்டைத் தோளில் போட்ட விவசாயி, 'இந்த வருஷத்தில் இது மூன்றாவது முறை' என்று சொல்லிக்கொண்டு நிற்பார். மோட்டார் ஏன் எரிந்தது? கரண்ட் அதிகம் வந்ததாலா? பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். எரிந்ததற்குக் காரணம் அழுத்தம் குறைவாக வந்தது! 415 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 320 வந்தால், ஆழ்துளைக் கிணற்றின் அடியிலிருந்து அதே தண்ணீரை அதே உயரத்துக்கு இழுக்க வேண்டிய மோட்டார், குறைந்த அழுத்தத்தை ஈடுகட்ட அதிக மின்னோட்டத்தை இழுக்கிறது. பசித்த மாடு கனத்த வண்டியை மேட்டில் இழுப்பது போல. கம்பி சூடேறுகிறது. காப்பு உருகுகிறது. காயில் போய்விடுகிறது.

அழுத்தம் ஏன் குறைகிறது? ஊர் டிரான்ஸ்பார்மரைக் குறை சொல்வோம், லைன்மேனைக் குறை சொல்வோம். சில நேரம் அது நியாயமாகவும் இருக்கும். ஆனால் பல நேரங்களில் நோய் அங்கே இல்லை. ஊருக்கு வரும் 11 கிலோவோல்ட் கம்பி மைல் கணக்கில் நீண்டிருக்கும். அதற்கு ஊட்டும் 33 கிலோவோல்ட் கம்பி அதைவிட நீண்டிருக்கும். அதற்கும் மேலே உள்ள 132 கிலோவோல்ட் நிலையம் ஏற்கெனவே மூச்சு முட்டிக் கொண்டிருக்கும். வாய்க்காலின் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் கடைமடையில் மண்வெட்டி போட்டு என்ன பயன்? மதகுக்குப் போக வேண்டாமா?

பெரிய பாதை எதற்கு என்ற கேள்விக்கு இங்கேதான் விடை இருக்கிறது. ஒரே அளவு மின்சக்தியை இரு மடங்கு அழுத்தத்தில் அனுப்பினால் மின்னோட்டம் பாதியாகும், கம்பியில் வெப்பமாக வீணாவது கால்பங்காகும். ஆகவேதான் தொலைவிலிருந்து வரும் சக்தியை 220, 400, 765 கிலோவோல்ட் என்று ஏற்றிக் கொண்டுவருகிறோம். அந்த உயர் அழுத்தம் நம் வாசலுக்கு எவ்வளவு அருகே வந்து இறங்குகிறதோ, அந்த அளவுக்கு வாசலில் அழுத்தம் நிலையாக இருக்கும்.

இந்த மாவட்டத்துக்கு ஒரு காலத்தில் மின்சாரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? இளைஞர்கள் வியப்படைவீர்கள். மேட்டூர் அணை 1934இல் முடிந்தது, அதன் மின் நிலையம் 1937இல் ஓடத் தொடங்கியது. சென்னை மாகாண அரசின் அந்த மேட்டூர் அமைப்பு சேலம், திருச்சி, தஞ்சை, வட ஆற்காடு, தென் ஆற்காடு மாவட்டங்களோடு சித்தூருக்கும் மின்சாரம் கொடுத்தது. ஆம், காவிரித் தண்ணீர் சுழற்றிய சக்கரத்தின் வெளிச்சம் இந்த ஊரில் எரிந்தது! 1911இல்தான் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து சித்தூர் தனி மாவட்டமானது. 1953இல் ஆந்திரம் தனி மாநிலமானது. எல்லைக்காகத் தமிழரும் போராடினார்கள், தெலுங்கரும் போராடினார்கள். 1960இல் திருத்தணி தமிழகப் பக்கம் போயிற்று, சத்தியவேடு ஆந்திரப் பக்கம் வந்தது. அந்தக் காயங்களை நான் இங்கே கிளற வரவில்லை. எல்லைக் கோடு எங்கே போனாலும் கம்பி எல்லையைத் தாண்டிப் போய்க்கொண்டேதான் இருந்தது. இன்றைக்கும் பொன்னை வழியாகத் தெற்கே போனால் வேலூர் மாவட்டத்தில் திருவலம் இருக்கிறது. கர்னூலிலிருந்து வரும் 765 கிலோவோல்ட் பாதை அங்கேதான் வந்து சேர்கிறது. திருவலமும் சித்தூரின் 400 கிலோவோல்ட் நிலையமும் ஒன்றையொன்று கைப்பிடித்துக் கொண்டிருக்கின்றன. ஒருவர் வீட்டில் இருட்டானால் மற்றவர் விளக்கைக் காட்டலாம். ஆனால் ஒருவர் விழும்போது கையை விடாமல் இருந்தால் இருவரும் சேர்ந்து விழவும் நேரும்.

விழுவது எப்படி? பிரம்மோற்சவத்தில் வாகனம் தூக்குபவர்களைப் பார்த்திருக்கிறீர்கள். எத்தனை தோள்கள்! எல்லாரும் ஒரே தாளத்தில் அடி வைக்கிறார்கள். நம் மின் தொகுப்பும் அப்படித்தான், நொடிக்கு 50 சுழற்சி என்ற ஒரே தாளம், நாடு முழுவதும். தூக்குபவர்களில் ஒருவர் கால் இடறி விலகினால் அவர் பங்குச் சுமை மறைந்து போகாது. அந்தக் கணமே பக்கத்துத் தோளில் இறங்கும். பக்கத்துத் தோளுக்குத் தெம்பு இருந்தால் தாங்கும். அதுவும் ஏற்கெனவே தன் அளவுக்கு மேல் சுமந்துகொண்டிருந்தால்? அதுவும் மடங்கும். பிறகு அடுத்தது. பிறகு அடுத்தது.

2012 ஜூலை 30ஆம் தேதி விடியற்காலை 2 மணி 33 நிமிடத்துக்கு நடந்தது இதுதான். மத்தியப் பிரதேசத்தில் பீனாவுக்கும் குவாலியருக்கும் இடையே ஒரு 400 கிலோவோல்ட் பாதை சுமை தாளாமல் துண்டித்துக்கொண்டது. அதன் சுமை மற்ற பாதைகளில் இறங்கியது. அவையும் ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டித்துக்கொண்டன. வட இந்தியா இருண்டது. மறுநாள் 31ஆம் தேதி பகல் 1 மணிக்கு மீண்டும் அதே கதை, இந்த முறை வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சேர்ந்து விழுந்தன. சுமார் 62 கோடி மக்கள் வாழும் நிலப்பரப்பு. ரயில்கள் நடுவழியில் நின்றன. சுரங்கத்தில் இறங்கிய தொழிலாளர்கள் மேலே வர முடியாமல் காத்திருந்தார்கள்.

நம் தெற்கு விழவில்லை. ஏன்? அப்போது நாம் அந்தத் தாளத்தில் சேர்ந்திருக்கவில்லை. தால்ச்சரிலிருந்து இதோ பக்கத்துக் கோலார் வரை வரும் நேர்மின் பாதை போன்ற சில கதவுகள் வழியாக மட்டும் கொடுக்கல் வாங்கல் இருந்தது. பார்த்தீர்களா, தனியாக இருந்ததால் தப்பித்தோம் என்று அன்று பலர் பேசினார்கள். எனக்கு அந்தப் பெருமையில் உடன்பாடு இல்லை. அதே 2012ஆம் ஆண்டை நீங்கள் நினைத்துப் பாருங்கள். ஆந்திரத்தில் தொழிற்சாலைகளுக்குப் 'பவர் ஹாலிடே'. தமிழ்நாட்டில் ஒரு நாளைக்குப் பல மணி நேரம் கரண்ட் கட், விசிறி மட்டையோடு பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். அதே நேரத்தில் மேற்கிலும் கிழக்கிலும் விற்பதற்கு மின்சாரம் இருந்தது. வாங்க நாம் தயாராக இருந்தோம். விற்க அவர்கள் தயாராக இருந்தார்கள். சரக்கு இருந்தது, பணம் இருந்தது, பசி இருந்தது. வண்டி வரத் தடம் இல்லை! 2013 டிசம்பர் 31ஆம் தேதி ராய்ச்சூர், சோலாப்பூர் இடையே 765 கிலோவோல்ட் பாதை இணைந்த பிறகுதான் தெற்கு நாட்டின் ஒரே தொகுப்பில் சேர்ந்தது. அதன் பிறகு மற்ற பாதைகளும் ஒவ்வொன்றாக வந்தன.

ஆகவே ஒதுங்கி இருப்பதும் பாதுகாப்பு ஆகாது, ஒற்றைக் கம்பியில் தொங்குவதும் பாதுகாப்பு ஆகாது. நிறையப் பாதைகள் வேண்டும், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும்.

சரி, நம் வட்டாரத்துக்கு என்ன தேவை? கண்ணைத் திறந்து பார்த்தாலே தெரியும். சத்தியவேட்டில் ஸ்ரீ சிட்டி. நாயுடுப்பேட்டை, மேனகூர். ரேணிகுண்டாவில் மின்னணு ஆலைகள். ஏர்ப்பேட்டில் ஐஐடி. விசாகப்பட்டினம் சென்னைத் தொழில் வழித்தடத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2016இல் 63.1 கோடி டாலருக்கு ஒப்புதல் கொடுத்தபோது, ஏர்ப்பேடு காளஹஸ்தி வட்டாரத்தை அதன் முக்கிய முனைகளில் ஒன்றாக வைத்தார்கள். மின் செலுத்தும் வேலைகளும் அந்தத் திட்டத்துக்குள் இருந்தன. இன்னொரு பக்கம் மாங்கூழ் ஆலைகள், பால் குளிரூட்டும் நிலையங்கள், ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள். திருப்பதியின் மருத்துவமனைகள். கல்யாணி அணையிலிருந்து திருமலைக்குத் தண்ணீர் ஏற்றும் பம்புகள். கரண்ட் போனால் அங்கே தண்ணீரும் போகும், நினைவிருக்கட்டும்.

பொறியாளர் உடனே புதிய கோபுரம் நடக் கிளம்பக் கூடாது. முதலில் இருப்பதைப் பார்க்க வேண்டும். பழைய கோபுரத்திலேயே கம்பியை மட்டும் மாற்றி அதிக வெப்பம் தாங்கும் கம்பி போட முடியுமா? பக்கத்தில் போகும் பாதையை வளைத்து நம் நிலையத்துக்குள் நுழைத்து வெளியே எடுக்க முடியுமா? முடிந்தால் புதிதாகத் தொட வேண்டிய நிலம் வெகுவாகக் குறையும். இந்தத் துறையில் கம்பிகளுக்கு மிருகங்களின் பெயர் உண்டு. 132 கிலோவோல்ட்டுக்குப் பாந்தர், சிறுத்தை. 220க்கு சீப்ரா, வரிக்குதிரை. 400க்கு மூஸ், பெரிய கொம்பு மான். வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. பிறகு ஒரு கிடங்கில் மூஸ் கம்பியின் வெட்டுமுகத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நடுவில் எஃகு இழைகள், சுற்றிலும் அலுமினிய இழைகள், கட்டைவிரலைவிடத் தடிமன். ஒரு நகரத்தின் இரவு முழுவதும் இந்தத் தடிமனுக்குள் ஓடுகிறதே என்று அன்று உடல் சிலிர்த்தது.

இருப்பதைச் சரிசெய்தும் போதவில்லை என்று கணக்கு சொன்னால், புதிய பாதை. எங்கே? இங்கேதான் கடினமான பகுதி தொடங்குகிறது.

வரைபடத்தை மனதில் விரித்துக்கொள்ளுங்கள். மேற்கே பலமநேர்ப் பக்கம் கௌண்டின்யா வனவிலங்கு சரணாலயம். தாழத் தொங்கும் கம்பி யானைக்கு எமன். வடக்கே சேஷாசலம். செம்மரம் வளரும் அந்த மலைத்தொடர் 2010இல் உயிர்க்கோளக் காப்பகமானது. கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி, பூநாரைகள் வருகின்றன. நேலப்பட்டு, கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. சிறகை விரித்து வரும் பெரிய பறவைக்குக் கம்பி கடைசி நொடியில்தான் தெரியும். ரேணிகுண்டாவில் விமான நிலையம், அங்கே கோபுர உயரத்துக்குக் கட்டுப்பாடு. காட்டை விட்டு விலகினால் ஏரி. ஏரியை விட்டு விலகினால் ஊர். ஊரை விட்டு விலகினால்? தோப்பு! நான்கு பக்கமும் சட்டம் சுவர் எழுப்பியிருக்கிறது, நியாயமான சுவர்கள்தான். சுவர் இல்லாத ஒரே பக்கத்தில் ஒரு விவசாயி நிற்கிறார். எல்லாக் கோடுகளும் வளைந்து வளைந்து கடைசியில் அவர் தலை மேல் வந்து நிற்கின்றன.

அவர் தலை மேல் எவ்வளவு? 132 கிலோவோல்ட்டுக்கு 27 மீட்டர் அகலம், 220க்கு 35 மீட்டர், 400க்கு 46 மீட்டர், 765க்கு 67 மீட்டர் என்று வன நிலங்களுக்கான வழிகாட்டுதல் கணக்குச் சொல்கிறது. ஏறக்குறைய அதே அகலம்தான் தோப்பிலும். அந்தப் பட்டைக்குள் வீடு கட்ட முடியாது, உயரமான மரம் வளர்க்க முடியாது, வங்கியில் அடமானம் வைக்கப் போனால் மதிப்பு குறைந்துவிடுகிறது. நிலம் அவர் பெயரிலேயே இருக்கும். வரியும் அவரே கட்டுவார்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 220 கிலோவோல்ட் பாதைக்கு சர்வே. நானும் இரண்டு ஆட்களும் தியோடலைட் கருவியைத் தூக்கிக்கொண்டு, குடிபாலா பக்கம் ஒரு கிளிமூக்கு மாந்தோப்புக்குள் நுழைந்து முளை அடித்துக் கொண்டிருந்தோம். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவும் இல்லை. ஒரு பெரியவர் வந்தார். எழுபது வயதிருக்கும். கத்தவில்லை. முளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னா நைனா, யார் வூட்டுத் தோப்புல முளை அடிக்கிறே?"

நான் சட்டத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம், பெரியோர்களே! வெள்ளைக்காரன் தந்திக் கம்பம் நடுவதற்காக எழுதிய சட்டம். அதன் அதிகாரத்தை மின் பாதைக்கும் கொடுக்கலாம் என்று 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்திலும் 164ஆம் பிரிவு வைத்திருக்கிறார்கள். நில உடைமையாளர் சம்மதம் தேவையில்லை, தடுத்தால் மாவட்ட ஆட்சியரிடம் உத்தரவு வாங்கலாம், முடிந்தவரை குறைவாகச் சேதம் செய்து இழப்பீடு கொடுத்தால் போதும் என்பது அதன் சாரம்.

பெரியவர் முழுவதும் கேட்டார். பிறகு வரைபடத்தைக் காட்டச் சொன்னார். தரையில் விரித்தேன். அவர் தோப்பு இரண்டு கோபுரங்களுக்குச் சரியாக நடுவில் வந்தது. நான்கு வரிசை மரங்கள் போயாக வேண்டும். அவர் எழுந்து, வீட்டு முன் கட்டியிருந்த துணிக்கொடியைக் காட்டினார்.

"கவுறு எங்க தொங்குது பாரு. நடுவுலதானே? முளைகிட்ட ஒசரமா கீது. டவரைக் கொணாந்து என் தோப்பு வரப்புல வையி. கம்பி என் மரத்துக்கு மேல ஒசரமா போவும். அடுத்த டவர் அந்தப் பாறை மேட்டுல. நடுவுல தொங்குற எடம் பொறம்போக்கு, அங்க மரமே இல்ல."

நான் நின்றுவிட்டேன். கம்பியின் தொய்வு நடுவில்தான் அதிகம் என்பதை நான் வகுப்பில் சூத்திரமாகப் படித்தவன். அவர் அதைத் துணி காயும் கொடியில் படித்திருந்தார். கோபுரத்தைத் தன் வரப்பிலேயே வைத்துக்கொள் என்று இடத்தையும் அவரே காட்டுகிறார்! மேலதிகாரியிடம் போனோம். ஒரு வாரம் மறுகணக்கு. இரண்டு கோபுரங்கள் இடம் மாறின, ஒன்று 6 மீட்டர் கூடுதல் உயரத்தில் எழுந்தது, செலவும் கொஞ்சம் ஏறியது. நான்கு வரிசை மரங்கள் போக வேண்டிய இடத்தில் ஐந்தாறு மரங்களுக்கு உச்சிக்கிளை மட்டும் கழித்தோம். அந்தப் பகுதியில் ஒருவரும் வேலையைத் தடுக்கவில்லை. அதே பாதையில் இன்னும் தெற்கே, யாரிடமும் பேசாமல் போலீஸ் துணையோடு அஸ்திவாரம் தோண்டிய ஊரில் வேலை ஆண்டுக்கணக்கில் நின்றது.

இதை நான் ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன்? நல்ல மனிதர் ஒருவரின் கதை என்பதற்காகவா? ஒரு மின் பாதை தாமதமாவது எதனால் என்று கேட்டால், இரும்பு வரவில்லை, பணம் வரவில்லை என்பதைவிட, 'வழி கிடைக்கவில்லை' என்பதே அதிகமாகக் காதில் விழும் பதில். தமிழ்நாட்டில் புகளூருக்கு வரும் 800 கிலோவோல்ட் நேர்மின் பாதை, சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து 1,700 கிலோமீட்டருக்கு மேல் வருவது, 6,000 மெகாவாட் சுமப்பது. அது கொங்கு மண்டலத்துக்குள் வந்தபோது 2018இல் விவசாயிகள் வயலில் உட்கார்ந்து உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்கள் மின்சாரத்துக்கு எதிரிகளா? அவர்களும் பம்பு செட்டு வைத்தவர்கள்தான். 'எங்களைக் கேட்டீர்களா?' என்பதுதான் அவர்கள் கேள்வி.

இழப்பீடு கொஞ்சம் மாறியிருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். மத்திய மின் அமைச்சகம் 2015இல் கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பிக்குக் கீழே உள்ள பட்டைக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்று வழிகாட்டியது. 2024 ஜூனில் அதை 200 சதவீதம், 30 சதவீதம் என்று உயர்த்தியது. நல்ல முன்னேற்றம், மனதார வரவேற்கிறேன். ஆனால் எந்த மதிப்பில் 200 சதவீதம்? பத்திர அலுவலக மதிப்பிலா, சந்தை மதிப்பிலா? நெடுஞ்சாலை ஓரத்தில் இரண்டுக்கும் உள்ள தூரம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முப்பது வருடம் காய்க்கப் போகும் மரத்தை, வெட்டும் நாளின் விறகு விலைக்கா கணக்கிடுவது?

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், இது பொறியியல் மாணவர்களுக்காக. ஒரே கோபுரத்தின் இரு பக்கமும் கம்பி கட்டி இரண்டு சர்க்யூட் என்பார்கள். ஒன்று பழுதானாலும் மற்றது ஓடும் என்று காகிதத்தில் என் மைனஸ் ஒன் கணக்கு நேராகிவிடும். ஆனால் கோபுரமே சாய்ந்தால்? 2014 அக்டோபர் 12ஆம் தேதி ஹுத்ஹுத் புயல் விசாகப்பட்டினத்தில் உயரழுத்தக் கோபுரங்களை மடக்கிப் போட்டது. 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா சென்னையில் ஆயிரக்கணக்கான கம்பங்களைச் சாய்த்தது. ஒரே மலைச்சாலையில் இரண்டு பேருந்து விட்டுவிட்டு மலைக்கு இரண்டு பாதை என்று சொல்ல முடியுமா? பாறை விழுந்தால் இரண்டும்தான் நிற்கும். திருப்பதிக்கு உண்மையான இரண்டாவது பாதை வேண்டும் என்றால், அது வேறு திசையிலிருந்து வர வேண்டும். ஒன்று கிருஷ்ணப்பட்டினம் கடற்கரைப் பக்கமிருந்து வந்தால், மற்றது புயலுக்கு எட்டாத மேற்கு மேட்டிலிருந்து வர வேண்டும்.

அப்படியானால் இன்னும் அதிக நிலம், இன்னும் அதிகத் தோப்புகள். ஆம், இந்த முரண் எனக்குத் தெரியும். அதை மூடி மறைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்க எனக்கு மனம் இல்லை. நம்பகம் கூடக் கூட நிலம் கூடக் கேட்கும். மருத்துவமனையில் மூச்சுக் கருவி நிற்காமல் ஓட வேண்டும் என்பதும் உண்மை, அதற்காகக் குடிபாலாவில் ஒரு மாமரம் போகும் என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேச வேண்டும். பேசுகிற நேரம் எது என்பதில்தான் நான் இத்தனை நேரம் நிற்கிறேன்.

அந்தப் பெரியவர் நாங்கள் கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்டார். எந்தப் பாதைக்கும் இரண்டு மூன்று மாற்று வழிகளை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுப்போம் என்று நான் பெருமையாகச் சொல்லியிருந்தேன். அவர் வரைபடத்தை மடிக்க விடாமல் கையை வைத்தார். "மூணு கோடு போட்டேன்னு சொன்னியே நைனா, மத்த ரெண்டு கோடு எங்கே?" அவை நகரத்தில், ஓர் அலுவலக அலமாரியில் இருந்தன. நாங்கள் ஊருக்குக் கொண்டுபோனது மையில் போட்ட ஒரு கோட்டை மட்டும்.

இங்கே இருக்கும் மின்துறை நண்பர்களே, நாளை இந்த வட்டாரத்துக்குப் பாதை வரைய உட்காரும்போது, மூன்று கோடும் பென்சிலில் இருக்கும்போதே அந்தக் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு ஊருக்கு வாருங்கள். கிராம சபையில் விரியுங்கள். சபை கூடவில்லை என்றால் டீக்கடைப் பெஞ்சில் விரியுங்கள், காற்றில் பறக்காமல் நான்கு மூலையிலும் டம்ளர் வையுங்கள். விவசாயப் பெருமக்களே, உங்கள் வரப்பில் யாராவது முளை அடித்தால் முளையைப் பிடுங்காதீர்கள். உட்காரச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள், மற்ற இரண்டு கோட்டையும் கேளுங்கள். கேட்ட பிறகு உங்கள் துணிக்கொடியையும் காட்டுங்கள்.